நானூறு பேரைச் சாப்பிட வைத்தவர்

சாகின்பெக் வாயைத் திறந்தால் நானூறு பேர் சாப்பிட ஆரம்பிப்பார்கள். பிஷ்கெக் நகரத்துக் கல்யாண மண்டபங்களில் மைக்கைப் பிடித்து விருந்தை நடத்தித் தரும் தமதா அவர். இருபத்திரண்டு வருஷ அனுபவம். யாரை எப்போது வாழ்த்துச் சொல்ல எழுப்ப வேண்டும், எந்தப் பெரியப்பா எந்த மாமாவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எந்த மேசையில் கறி தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் மேடையில் நின்றபடியே அவருக்குத் தெரியும். ஒரு தட்டு தொடாமல் இருந்தால் போதும், அவர் கண் நேராக அங்கே போய் நிற்கும். "மூணாவது மேசை, நீலச் சட்டை மாப்பிள்ளை, பொண்ணு வீட்டுக் கறி இறங்கலையோ?" என்பார். மண்டபம் சிரிக்கும். நீலச் சட்டை அவசர அவசரமாக மெல்லும்.

விருந்து முடிந்து யாரும் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. மேசையில் இருப்பதைப் பையில் கட்டி எடுத்துப் போவார்கள். அதற்குக் கெஷிக் என்று பெயர். கல்யாணத்தின் நல்லது கொஞ்சம் நம் வீட்டுக்கும் வரட்டும் என்ற எண்ணம். மற்றவர்கள் வருஷத்துக்குப் பத்துப் பை கொண்டுவந்தால், வாரத்துக்கு ஐந்து விருந்து நடத்தும் சாகின்பெக் வீட்டில் அதுவே அன்றாட உணவாகிவிட்டது. வேகவைத்த ஆட்டுக்கறி, குதிரைக்கறித் தொத்திறைச்சி, எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக், பொன்தாள் சுற்றிய மிட்டாய்கள். தையல் பட்டறையிலிருந்து மனைவி அனார்கான் வருவாள், ஃபிரிட்ஜைத் திறப்பாள், நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொள்வாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பெரிசாத் எப்போது சாப்பிடுகிறாள் என்று யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேசை ஒன்று இருந்தது. அதன்மேல் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த மார்ச் மாதம் கொரோனா வந்து ஊரை இழுத்துப் பூட்டியது. மண்டபங்கள் மூடின, பட்டறை மூடியது, பள்ளிக்கூடம் போனுக்குள் புகுந்துகொண்டது. தெரு முனைகளில் போலீஸ் நின்றது. எங்கே போகிறோம், எந்த வழியாகப் போகிறோம் என்று தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டால்தான் கடைக்கே போகலாம்.

முதல் வாரம் சாகின்பெக் நான்காம் மாடி ஜன்னலில் நின்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். புகை அடங்கியிருந்தது. ஊரின் தெற்குப் பக்கம் முழுக்க மலை நின்றது. உச்சியில் பனி, அதற்குக் கீழே கருநீலம், அதற்கும் கீழே பச்சை, ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரிந்தது. மலைபோல் உயர்ந்த குடும்பம் என்று ஆயிரம் சம்பந்திகளை வாழ்த்தியவர் அவர். மலை இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. தம்மை நினைத்து அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கெஷிக் பதினேழு நாள் தாங்கியது. பதினெட்டாம் நாள் ஃபிரிட்ஜில் மிட்டாய் மட்டும் இருந்தது. அனார்கான் இஸ்திரித் துணிகளைத் தூக்கிக் கட்டிலில் எறிந்துவிட்டு அதே மேசையில் மாவைப் பிசைந்தாள். அப்பளக் குழவி மாதிரி ஒரு நீளக் கட்டையை எங்கிருந்தோ எடுத்து உருட்டினாள். மாவு விரிந்து விரிந்து மேசை ஓரம் தாண்டித் தொங்கியது. சாகின்பெக் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"நான் என்னமோ கழுத்துல அளவு நாடாவோட பிறந்த மாதிரி உங்களுக்கு நினைப்பு. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்ல எட்டுப் பேருக்கு நான்தான் நூடுல்ஸ் வெட்டுவேன்."

"இருபது வருஷமா சொல்லவே இல்லையே."

"நீங்க எங்க வாயை மூடினீங்க, நான் சொல்ல?"

அன்று மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்து எத்தனை வருஷம் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார், பிடிபடவில்லை. வெங்காயமும் உருளைக்கிழங்கும் கொஞ்சமே கொஞ்சம் கறியும் போட்ட அந்தச் சூடான நூடுல்ஸ் தொண்டையில் இறங்கியபோது, எத்தனையோ விருந்தின் ஆறிய கறி அவருக்கு ஒன்றுமில்லாமல் போனது. இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினார். காலையில் பால் விட்ட டீ, மதியம் சூப், சாயங்காலம் ஏதாவது ஒன்று என்று வீட்டுக்கு ஒரு நேரம் வந்தது. அனார்கான் முகக்கவசம் தைத்துக்கொண்டே அடுப்பைப் பார்த்தாள். அவர் உருளைக்கிழங்கு உரித்தார், தடித்தடியாக உரித்துத் திட்டும் வாங்கினார்.

நான்காம் நாள்தான் கவனித்தார். பெரிசாத்தின் தட்டில் மந்தி என்ற கறிக் கொழுக்கட்டை ஐந்து இருந்தது. அவள் ஒன்றை நாலாக வெட்டினாள், நாலை எட்டாக வெட்டினாள், தட்டைச் சுற்றிப் பயணம் அனுப்பினாள். டீயைத் தூக்கினாள், வைத்தாள். ரொட்டியைப் பிய்த்து மந்தித் துண்டுகளின் மேல் போர்த்தினாள். எழுந்து போனபோது தட்டில் எல்லாம் அப்படியே இருந்தது. வீட்டுக்குள்ளேயே தடித்த கம்பளிச் சட்டை, அதுவும் ஏப்ரலில். சட்டைக் கைக்கு வெளியே தெரிந்த மணிக்கட்டு வெறும் எலும்பாக இருந்தது.

நானூறு பேரில் சாப்பிடாத ஒருவனை மேடையிலிருந்து பிடிப்பவர். சொந்த மகளை எத்தனை மாதம் தவறவிட்டாரோ.

அனார்கானிடம் சொன்னார். அவளுக்கு முன்பே ஒரு சந்தேகம் இருந்தது, வளர்கிற பிள்ளை, உயரமாகும்போது மெலியத்தான் செய்வாள் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்கள். வீடியோவில் பெரிசாத்தைப் பார்த்தார், தனியாக அரைமணி நேரம் பேசினார், பிறகு பெற்றவர்களைக் கூப்பிட்டார்.

"இப்ப இங்க கூட்டிட்டு வராதீங்க. வார்டு முழுக்க கொரோனா. வீட்லயே சாப்பிட வைங்க. இப்படியே போனா இன்னும் ஒரு மாசத்துல அவ இதயம் தாங்காது. நான் பயமுறுத்தறதுக்காகச் சொல்லல."

இது போதாதா சாகின்பெக்குக்கு. சாப்பிட வைப்பதுதானே அவர் தொழில். முதலில் கொஞ்சினார், பிறகு அதட்டினார், பிறகு கெஞ்சினார். "பசிக்கலப்பா" என்ற ஒரே வார்த்தையை அவள் எல்லாவற்றுக்கும் சொன்னாள். குரலை உயர்த்துவதில்லை, அழுவதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை. அவ்வளவு மெல்லிய கழுத்துக்குள் அவ்வளவு பெரிய உறுதி எப்படி அடங்கியது என்று அவர் மலைத்துப்போனார். குடித்துவிட்டுச் சண்டை போடும் சம்பந்திகளைச் சிரிக்க வைத்து உட்கார வைத்தவர், இந்தப் பெண்ணிடம் ஒரு கரண்டி சூப்பில் தோற்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி அஸ்திரத்தை எடுத்தார். இருப்பதையெல்லாம் வைத்து ஏழு வகை சாலட் செய்யச் சொன்னார். மேசை விரிப்பை விரித்தார். கோட்டு சூட்டு போட்டார், தலையில் வெள்ளைக் கல்பாக் தொப்பி வைத்தார். மரக்கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"மதிப்புக்குரிய உறவினர்களே. எட்டாம் மைக்ரோ குடியிருப்பின் பெருமை, நான்காம் மாடியின் நிலா..."

"ஏங்க, கீழ் வீட்ல குழந்தை தூங்குது. இங்க மைக் இல்ல, மெதுவாப் பேசுங்க" என்றாள் அனார்கான்.

பெரிசாத் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு உண்மையாகவே சிரித்தாள். சாகின்பெக்குக்கு உச்சி குளிர்ந்தது. அந்த வேகத்தில் இல்லாத பெரியம்மாவை எழுப்பி வாழ்த்துச் சொல்ல வைத்தார், அவள் குரலில் தாமே பேசினார், ஒரு தட்டில் கறியும் சாலட்டும் குவித்து மகள் முன்னால் வைத்தார்.

"இப்போ நம்ம பெரிசாத் இந்தத் தட்டைக் காலி பண்ணப் போறா. எல்லாரும் அவளையே பாருங்க, கைதட்டுங்க."

அவள் முகம் அணைந்தது. எழுந்தாள். குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

அவர் மரக்கரண்டியோடு நின்றார். அனார்கான் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"போன வருஷம் உங்க தங்கச்சி மகன் கல்யாணத்துல என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"மைக்ல சொன்னீங்க. எங்க வீட்டுக் கெஷிக் எல்லாம் எங்க போகுதுன்னு கேக்கறவங்க என் மகளோட கன்னத்தைப் பாருங்கன்னு. கேமராக்காரன் வேற அவ மூஞ்சியைப் பெரிய திரையில போட்டான். நானூறு பேரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். நேத்துதான் அவ எங்கிட்ட சொன்னா."

சாகின்பெக் நினைவைத் துழாவினார். ஒன்றும் வரவில்லை. ஒரு விருந்தில் அப்படி இருநூறு வேடிக்கை சொல்வார், வீட்டுக்கு வரும் வழியிலேயே மறந்துவிடும். மகள் ஒரு வருஷமாக ஒன்றை மறக்காமல் சுமந்திருக்கிறாள், ஒவ்வொரு வாயையும் அதற்குக் கொடுத்திருக்கிறாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கல்பாக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மன்னித்துக்கொள் என்று போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆயிரம் பேருக்காகப் பேசிப் பழகிய வாய்க்குத் தனக்காக ஒரு வார்த்தை எடுக்க வரவில்லை. மூன்று நாள் மகளின் அறைக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்தார். அந்த நேரம் பார்த்துத் தோக்தோசுன் போன் செய்தான். அவருக்குப் பழக்கமான மாவு வியாபாரி, பக்கத்துக் கிராமத்துக்காரன், தம்பி மகனுக்குக் கல்யாணம்.

"அண்ணே, முப்பதே பேருதான். பகல்லயே முடிச்சிடலாம். ஜன்னல்லாம் மெத்தையை வச்சு மூடியாச்சு. உங்க குரல் இல்லாம கல்யாணம் கல்யாணமாவே இருக்காதுண்ணே."

"என் குரல் இருந்தா போலீஸுக்கே கேக்குமேப்பா."

"மெதுவாப் பேசுங்க. ஆடு அடிச்சிருக்கோம். வால் கொழுப்பும் ஈரலும் உங்களுக்குன்னு தனியா எடுத்து வைக்கிறேன்."

வால் கொழுப்பும் ஈரலும். சின்ன வயசில் பெரிசாத் அதற்குத்தான் அடம்பிடிப்பாள், இரண்டையும் சேர்த்து ஒரே வாயாக வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவாள். சாகின்பெக் தாளில் மருந்துக் கடை என்று எழுதினார். அனார்கான் எவ்வளவோ சொன்னாள். கேட்கவில்லை. ஊருக்கு வெளியே போக மனிதனுக்கு அனுமதி இல்லை, மாவு வண்டிக்கு இருந்தது. சூட்டு போட்டுக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து போனார்.

அப்படி ஒரு கல்யாணத்தை அவர் வாழ்நாளில் நடத்தியதில்லை. முப்பது பேர் என்றவன் ஐம்பது பேரை அடைத்து வைத்திருந்தான். தமதா கிசுகிசுத்தார். வாழ்த்துச் சொன்னவர்களும் கிசுகிசுத்தார்கள். கைதட்டினால் வெளியே கேட்கும் என்று எல்லாரும் தொடையில் தட்டிக்கொண்டார்கள். பார்க்கச் சிரிப்பாக இருந்தது, ஆனால் போகும்போதும் வரும்போதும் ஒருவரை ஒருவர் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். ஒரு மாதமாக மனிதரைத் தொடாத ஏக்கம்.

பையைச் சூடு ஆறாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் மாவாக வீடு வந்து சேர்ந்தார். பெரிசாத் பையைப் பிரித்தாள். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு நொடி அவள் மூக்கு விரிந்தது, அதை அவர் பார்த்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு அவள் பையை இறுக்கிக் கட்டினாள்.

"அம்மாவுக்குக் குடுங்கப்பா" என்றாள்.

அந்தக் கல்யாணம் முடிந்த ஆறாம் நாள் அனார்கான் பாலைத் தீய விட்டாள். வீடே நாறியது என்று இருவரும் மூக்கைப் பொத்தினார்கள். சாகின்பெக்குக்கு மட்டும் ஒரு வாசனையும் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் காய்ச்சல் கொதித்தது.

பின்னறையில் அவரைப் படுக்க வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, கதவிடுக்கில் ஈரத் துணியைத் திணித்தார்கள். டாக்டரம்மா போனிலேயே மருந்து சொன்னார். படுக்கை காலியில்லை, மூச்சு ரொம்ப வாங்கினால் மட்டும் கூப்பிடுங்கள், முக்கியமாக அவர் சாப்பிட வேண்டும் என்றார். கிண்ணத்தைக் கதவுக்கு வெளியே வைத்துத் தட்டிவிட்டு அனார்கான் நகர்ந்துவிடுவாள். அவர் எடுத்துப் பார்ப்பார். சோர்போ என்ற கறி சூப் வெந்நீராக இருந்தது, கறி நனைந்த அட்டையாக இருந்தது. வாயில் வைத்தால் தொண்டை மூடிக்கொண்டது. அப்படியே திருப்பி வைத்தார். முதல் நாள் அப்படி, இரண்டாம் நாளும் அப்படி. கட்டிலிலிருந்து கதவுவரை நடக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. உலகத்தில் எவ்வளவோ உணவைப் பார்த்தவருக்கு, உணவு ஒரு எதிரியைப் போல எதிரே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் இதோடுதான் ஒரு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள் என்று நினைத்தபோது கண் நிறைந்தது.

நான்காம் நாள் மதியம் கதவைத் தட்டியது வேறு கை.

"அப்பா. காலையில வச்ச கிண்ணம் அப்படியே இருக்கு."

"பசிக்கலம்மா."

"அது நான் சொல்றதுல்ல?" என்றாள் பெரிசாத்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலானது, இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. அவள் காத்திருந்தாள். வேறு சூப் கொண்டுவந்திருப்பதாகவும், தான் தள்ளிப் போனதும் கதவைத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தரையிலேயே உட்கார்ந்தார். கட்டில்வரை போகத் தெம்பில்லை. மறுபக்கம் அவளும் தரையில் உட்கார்வது கேட்டது.

"உனக்கும் தொத்திக்கும், போ."

"கதவு சாத்தியிருக்கு, மாஸ்க் போட்டிருக்கேன். சாப்பிடுங்க."

"முடியலம்மா. தொண்டை மூடிக்குது."

"தெரியும். முதல் வாய்தான் அப்படி. கிண்ணத்தைப் பாக்காதீங்க, ஜன்னலைப் பாருங்க. அரைக் கரண்டி போதும். உடனே முழுங்காதீங்க, வாயில கொஞ்ச நேரம் இருக்கட்டும். முழுங்கினதும் அடுத்ததைப் பத்தி நினைக்காதீங்க."

இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். எத்தனை முறை தனியாக முயன்று பார்த்திருக்கிறாள், எத்தனை முறை முடியாமல் போயிருக்கிறது. உதவிக்கு ஒருவர்கூட இல்லாமல் பதினாறு வயசுப் பெண் கண்டுபிடித்த வித்தை இது.

அவள் சொன்னபடி மலையைப் பார்த்தார். அரைக் கரண்டி எடுத்தார். வைத்திருந்தார். விழுங்கினார். உள்ளே போனது, அங்கேயே நின்றது.

"போச்சா?"

"போச்சு."

"இன்னொண்ணு."

ஏழாவது கரண்டியில் நிறுத்தி மூச்சு வாங்கினார். நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டார். முன்னால் கூட்டம் இல்லை, மைக் இல்லை, குரலும் பாதிதான் இருந்தது.

"பெரிசாத். அன்னிக்கு மைக்ல நான் சொன்னேனே. உன் கன்னம். எனக்கு ஞாபகமே இல்லம்மா. ஞாபகம் இல்லங்கறதுதான் இன்னும் கேவலம். தப்பு பண்ணிட்டேன்."

குழாய் திறந்து மூடும் சத்தம் எங்கோ கேட்டது. அவள் எழுந்து போய்விட்டாளோ என்று பயந்தார்.

"சூப் ஆறிடும்ப்பா" என்றாள் கடைசியில். குரல் ஒரு மாதிரி இருந்தது. "நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. கதவைப் பாக்காதீங்க."

"கதவுதான் சாத்தியிருக்கே."

"பரவால்ல, திரும்புங்க."

திரும்பி முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டார். ஒரு கரண்டி எடுத்தார். அப்போது கேட்டது. தமக்கு முதுகுப் பின்னால், பலகைக்கு அப்பால், இன்னொரு கிண்ணத்தில் கரண்டி இடிக்கும் சின்னச் சத்தம். பிறகு நீண்ட அமைதி. பிறகு விழுங்கும் சத்தம்.

அவர் கை அந்தரத்தில் நின்றது. என்னென்னவோ சொல்ல வந்தது. சபாஷ் என்றோ, என் கண்ணே என்றோ, அனார்கான் ஓடி வா என்றோ. இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம் நாக்கு நுனியில் துடித்தது. பல்லைக் கடித்து அடக்கினார். ஒன்றும் கேட்காதவர்போலத் தம் கரண்டியை வாயில் வைத்தார். அவர் ஒன்று, அவள் ஒன்று. நிதானமாக, யாரும் யாரையும் பார்க்காமல். ரொட்டி மெல்லும் ஓசைகூடக் கேட்டது, அவ்வளவு அமைதி. எத்தனையோ பெரிய பாடகர்களை மேடைக்கு அழைத்தவர், இப்படி எதையும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

அந்தப் பக்கம் கரண்டி கிண்ணத்தின் அடியைச் சுரண்டியது.

சமையலறையிலிருந்து அனார்கான் கேட்டாள்: "அப்பாவுக்குப் போதுமாம்மா?"

"அவருக்குப் போதும்" என்றாள் பெரிசாத். "எனக்கு ஊத்தும்மா."

சமையலறையில் ஏதோ கீழே விழுந்து உருண்டது. சாகின்பெக் தம் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமே வராமல் உட்கார்ந்திருந்தார்.